பழைய படத்துக்கும் நெகட்டிவுக்கும் எந்த ஸ்கேனர் வாங்கலாம்? காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

போன வருஷம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறையைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறையப் படங்களும் நெகட்டிவ் உறைகளும் கிடைத்தன. அதை நான் ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிற சேதி பங்காளிகள் வழியாகப் பரவி, இப்போது தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது போன் பண்ணுகிறார்கள். ஒரே பதிலை எல்லாருக்கும் சொல்ல முடியாது, ஆனால் கேள்விகள் என்னவோ ஒன்றுபோலவே வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் போட்டோகிராபர் கிடையாது. மூன்று ஸ்கேனரில் காசைப் போட்டு அதில் ஒன்றை நஷ்டத்துக்கு விற்றவன், அவ்வளவுதான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த ஸ்கேனர் நல்ல ஸ்கேனர்?

முதலில் நீங்கள் சொல்லுங்கள், வீட்டில் என்ன இருக்கிறது? இதைக் கேட்டால் பாதிப் பேர் "நிறையப் படம் இருக்கு" என்கிறார்கள். அது போதாது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து, பட்டாலையில் பாயை விரித்து, எல்லாவற்றையும் கொட்டிப் பிரியுங்கள்: கைக்கடக்கமான பேப்பர் படங்கள், சட்டம் போட்ட பெரிய படங்கள், ஆல்பங்கள், சின்ன நெகட்டிவ், அகல நெகட்டிவ், ஸ்லைடு, கண்ணாடித் தட்டு. அப்புறம் எண்ணுங்கள். எந்தக் குவியல் பெரியதோ அதற்குத்தான் ஸ்கேனர் வாங்க வேண்டும்.

நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பேப்பர் படங்கள்தான் அதிகம். ரங்கூனிலும் பினாங்கிலும் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு வந்தது, கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி, வீடு குடிபுகுந்தது எல்லாம் பிரிண்டாகத்தான் கையில் வந்தது, நெகட்டிவ் ஸ்டுடியோக்காரரிடமே தங்கிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் போய் பிலிமுக்கென்று விலை உயர்ந்த ஸ்கேனரை வாங்கி வைத்தால் அது துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் விற்றேன் என்றேனே, அது அப்படி வாங்கியதுதான்.

எங்க பிரிண்டர் மேலயே ஸ்கேனர் இருக்கே, அது போதாதா?

பழைய கடிதம், வட்டிக் கடைக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை, கல்யாண ஒப்பந்தம் எழுதிய இசைகுடிமானம் இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். தட்டையான சின்னப் படங்களுக்கும் சுமாராக வரும். நிழலான இடங்களில் கறுப்பு அப்பிக்கொண்டு பட்டுப்புடவையின் மடிப்பெல்லாம் காணாமல் போவதைப் பார்ப்பீர்கள். பிலிமுக்கு அறவே உதவாது, ஏனென்றால் பிலிமுக்கு மேலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதன் மூடியில் விளக்கு கிடையாது.

சிசிடி, சிஐஎஸ்னு கடைக்காரர் என்னமோ சொல்றாரு, ஒண்ணும் புரியலை.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் சில்லறை. சிஐஎஸ் என்பது கண்ணாடிக்கு ஒட்டினாற்போல ஓடும் ஓர் உணரிப் பட்டை. ஸ்கேனர் மெல்லிசாக இருக்கும், யுஎஸ்பி வயரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. கேனன் லைடு 300, லைடு 400 இந்த வகை. ஆனால் கண்ணாடியை ஒட்டியிருக்கிற பொருள்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். படம் கொஞ்சம் வளைந்து கண்ணாடியைவிட்டு எழும்பி நின்றாலே அந்த இடம் மங்கிவிடும்.

சிசிடி வகையில் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடிகளும் லென்சும் இருக்கின்றன, கேமரா மாதிரி. பெட்டி தடிமனாக, கனமாக இருக்கும். எப்சன் வி600 இந்த வகை. கண்ணாடிக்கு மேலே சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஓரளவு தெளிவாக எடுத்துவிடும். நம் வீட்டுப் படங்களோ அட்டையில் ஒட்டி, அந்த அட்டையே அப்பளம் மாதிரி வளைந்து போனவை. அதனால்தான் யார் கேட்டாலும் சிசிடி என்று சொல்கிறேன். உங்களிடம் இருப்பதெல்லாம் 1990-க்குப் பிந்தைய தட்டையான கலர் பிரிண்டுகள் என்றால் சிஐஎஸ் போதும், காசு மிச்சம்.

300 டிபிஐ போதும்ங்கிறாங்க, 1200 வைக்கணும்ங்கிறாங்க. எத்தனைதான் வைக்கிறது?

டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. 4-க்கு 6 அங்குலப் படத்தை 300-ல் எடுத்தால் சுமார் 21 லட்சம் புள்ளி கிடைக்கும், அதே அளவில் மறுபடி பிரிண்ட் போடலாம். 600-ல் எடுத்தால் 86 லட்சம், நீள அகலத்தில் இரண்டு மடங்கு பெரிதாகப் போடலாம். சாதாரணப் பிரிண்டுக்கு 600 போதும். 1200 வைத்தால் கோப்பு நாலு மடங்காகும், ஸ்கேனரும் ஆமை மாதிரி ஊர்ந்து வரும், கலர் லேப் பிரிண்டில் அதற்கு மேல் விஷயமும் இருக்காது, காகிதத்தின் நாரைத்தான் பார்ப்பீர்கள்.

விலக்கு ஒன்று உண்டு. நெகட்டிவை நேராகத் தாளின் மேல் வைத்து அதே அளவுக்குப் போட்ட குட்டிப் பிரிண்டுகள், இரண்டு அங்குலம் மூன்று அங்குலத்தில் வெள்ளைக் கரை வைத்து வருமே, அவை அளவில் சின்னதானாலும் உள்ளே விவரம் நிறைய இருக்கும். பாஸ்போர்ட் அளவு முகப்படங்களும் அப்படித்தான், பெரிதாக்கிப் பார்க்கத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். இவற்றுக்கு 1200 வையுங்கள்.

அப்ப பெட்டி மேல 6400 டிபிஐன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?

விற்பதற்கு. அந்த எண் பொய் என்று சொல்ல மாட்டேன், உணரி அத்தனை புள்ளிகளை எண்ணத்தான் செய்கிறது. ஆனால் லென்ஸ் அத்தனை நுணுக்கத்தைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டுமே. தனியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் வி600-க்குக் கண்ட உண்மையான தெளிவு 1500, 1600 டிபிஐ அளவுதான். 6400-ல் எடுத்தால் கோப்புதான் பெருத்துப் போகும், பால் ஒன்றே, ஊற்றிய தண்ணீர்தான் அதிகம்.

பேப்பர் படத்துக்கு 600, மிஞ்சிப் போனால் 1200 என்று முந்தின பதிலில் பார்த்தோம். ஆக அதற்கு இந்த ஸ்கேனர் தாராளம். பிலிமுக்குத்தான் இந்தக் கணக்கு உறைக்கும்.

நெகட்டிவும் கொஞ்சம் இருக்கு. எது 35, எது 120-ன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை இருந்து, படம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் 35 மிமீ. ஓட்டை இல்லாமல் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால் 120. ஒரு காலத்தில் நம் ஊர் வீடுகளில் அக்ஃபா கிளிக் 3 என்று ஒரு பெட்டிக் கேமரா இருக்கும், ஞாபகம் இருக்கிறதா, அதில் 120 பிலிம் போட்டுச் சதுரமாகப் பன்னிரண்டு படம் எடுப்பார்கள். ஓரத்தில் INDU (இந்து) என்று ஆங்கிலத்தில் இருந்தால் ஊட்டியில் அரசாங்கம் நடத்திய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் பிலிம்.

120 வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வி600-ன் உண்மைத் தெளிவான 1560 அளவை வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர நெகட்டிவில் சுமார் ஒரு கோடியே பதினெட்டு லட்சம் புள்ளி வருகிறது, சுவரில் மாட்டுகிற அளவுக்கு. அதே ஸ்கேனரில் 35 மிமீ வைத்தால் 33 லட்சம்தான், 5-க்கு 7 பிரிண்டோடு அது நின்றுவிடும். பிலிம் சின்னதாகச் சின்னதாக ஸ்கேனர் நல்லதாக இருக்க வேண்டும், இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

எங்க வீட்டுல 35 மிமீதான் மூட்டையா இருக்கு. சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து கேமரா கொண்டாந்தாரு. என்ன வாங்கலாம்?

இரண்டு வழி. ஒன்று, 35 மிமீக்கென்றே இருக்கிற ஸ்கேனர். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ என்று உண்டு. பெட்டியில் 7200 என்று இருக்கும், சோதனையில் 3250 சொச்சம் வருகிறது, அதுவே படத்துக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் புள்ளி, நல்ல தெளிவு. ஆனால் பேப்பர் படம், 120 எதையும் அதில் வைக்க முடியாது. ஒவ்வொரு படமாக நீங்களேதான் கையால் தள்ள வேண்டும். மூட்டை என்கிறீர்கள், பொறுமை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, வீட்டுப் பிள்ளைகள் யாரிடமாவது நல்ல டிஜிட்டல் கேமராவும், கிட்டத்தில் வைத்து எடுக்கிற மேக்ரோ லென்சும் இருந்தால், நிறம் பிசகாத வெண்மையான விளக்குப் பலகை ஒன்றை வாங்கி, அதன்மேல் நெகட்டிவைத் தட்டையாகப் பிடித்து, நேர்மேலே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் படம் எடுப்பது. செட் பண்ணத்தான் அரை நாள் போகும், அப்புறம் ஒரு சுருள் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கேமராவும் பலகையும் ஒன்றுக்கொன்று சாய்வில்லாமல் இருக்க வேண்டும். பலகை மேல் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்சின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆன்லைன்ல சின்ன டப்பா மாதிரி ஒண்ணு, கம்ப்யூட்டரே வேணாமாம், நெகட்டிவைத் தள்ளினாப் போதுமாம். விலையும் கம்மி?

அதற்குள் இருப்பது ஒரு சாதாரணக் கேமரா. வெளிச்சத்தை நாம் மாற்ற முடியாது, வெள்ளை வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எந்த உறையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

தூசி, கீறலையெல்லாம் அதுவே எடுத்துடும்னு விளம்பரத்துல வருது. நான் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்ல போட்டேன், மூஞ்சியே கோரமா வந்துச்சு!

வரும். டிஜிட்டல் ஐஸ் என்கிற அந்த வசதி அகச்சிவப்புக் கதிரை பிலிமுக்குள் அனுப்பிப் பார்க்கிறது. கலர் நெகட்டிவில் சாயம்தான் இருக்கும், அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போய்விடும், தூசியில் மட்டும் தடைபடும், ஆக எங்கே தடையோ அங்கே தூசி என்று கண்டுபிடித்துச் சரிசெய்கிறது. கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஸ்கேனர் உங்கள் ஐயாவின் மீசையையும் தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கிறது.

ஆகவே கறுப்பு வெள்ளைக்கு அதை அணைத்துவிடுங்கள். கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் அது சரியாக வேலை செய்யாது. பிளஸ்டெக் 8100-ல் இந்த வசதியே இல்லை, 8200ஐ-யில் உண்டு. உங்களிடம் கறுப்பு வெள்ளை மட்டும்தான் என்றால் அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், ரப்பர் பந்துபோல் அமுக்கினால் காற்றடிக்கும் புளோயர் ஒன்று வாங்குங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் பிலிமில் கறை நிற்கும்.

தம்பி, முகப்புல மாட்டியிருக்கிற படத்தையெல்லாம் சட்டத்துல இருந்து கழட்டணுமா? கழட்டினா போயிடுமோன்னு பயமா இருக்கு.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டது. ஆச்சி பயப்படுவது நியாயம்தான். முதலில் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேயாவது ஈரம் பட்டதுபோல் பளபளவென்று திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அங்கே படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், மழைக்கால ஈரத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றவே கூடாது, இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

ஒட்டவில்லை என்றால் பின்பக்க ஆணிகளைக் குறட்டால் நிமிர்த்தி, பலகையை எடுத்து, படத்தைத் தட்டையாக வெளியே எடுக்கலாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும், ரங்கூனில் எடுத்ததா மதுரையில் எடுத்ததா என்கிற சண்டையெல்லாம் அதில் தீர்ந்துவிடும். கையால் வண்ணம் தீட்டிய படமானால் துணி வைத்துத் துடைக்காதீர்கள், சாயம் கையோடு வந்துவிடும்.

ஒட்டிக்கிச்சுன்னா அப்படியே விட்டுடறதா?

கண்ணாடியோடு சேர்த்து எடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு சிசிடி ஸ்கேனரில் கவிழ்த்தால், கண்ணாடியின் கனம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் பெரும்பாலும் சரியாகவே வரும். இதற்குத்தான் சிசிடி என்று அடித்துச் சொன்னேன். சட்டத்தின் விளிம்பு புடைத்திருந்தால் படம் ரொம்ப மேலே போய்விடும், அப்போது கேமராதான் வழி. இரண்டு விளக்கை இரண்டு பக்கமும் 45 பாகையில் சாய்த்து வைத்து, ஜன்னலை மூடி, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி எடுத்தால் எதிரொளி விழாது. கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அதுவும் கண்ணாடியில் தெரியும், அனுபவத்தில் சொல்கிறேன்.

படம் ஸ்கேனர் கண்ணாடியை விடப் பெரிசா இருக்கு.

ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி எட்டரை அங்குலத்துக்குப் பதினொன்றே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய படத்தை இரண்டு மூன்று துண்டாக, ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்று விரற்கடை மேல்விழும்படி எடுத்து, ஹகின் போன்ற இலவச மென்பொருளில் ஒட்டலாம். தானாக வெளிச்சம் சரிசெய்யும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். மறந்தால் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி கறுத்தும் வந்து நடுவில் கோடு தெரியும்.

சொல்ல மறந்துவிட்டேன், 4-க்கு 6 படம் நாலை ஒரே தடவையில் வைத்துவிடலாம் என்று தோன்றும். 6-ம் 6-ம் 12, கண்ணாடி 11.7, இத்துனூண்டு பத்தாமல் போகிறது! மூன்றுதான்.

ஆல்பத்துல ஒட்டியிருக்கிற படத்தைப் பிரிக்கணுமா?

கறுப்புத் தாளில் மூலைக்கொக்கி போட்ட ஆல்பம் என்றால் பக்கத்தை அப்படியே கவிழ்த்து எடுங்கள், யார் பக்கத்தில் யார் படம் என்கிற வரிசையும் ஒரு தகவல்தான். மேலே பிளாஸ்டிக் தாளும் கீழே பசையும் இருக்கிற ஆல்பம்தான் தலைவலி, அந்தப் பசை படத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு, மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு அறுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் வரும். வரவில்லை என்றால் விடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் பண்ணுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தை எதுக்கு அண்ணே கலர்ல எடுக்கச் சொல்றீங்க?

முக்கால்வாசிப் பழைய படம் கறுப்பு வெள்ளையாகவே இல்லை, பழுப்பேறித்தான் இருக்கிறது. அந்தப் பழுப்பும் அந்தப் படத்தின் வயதுதான். அதைவிட முக்கியம், கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கும்; மஞ்சள் கறையும் தண்ணீர்க் கறையும் நீல நிற அடுக்கில் கறுப்பாகத் தெரியும், சிவப்பு அடுக்கில் ஏறக்குறைய மறைந்துவிடும். கலரில் எடுத்து வைத்தால் பின்னால் சிவப்பு அடுக்கை மட்டும் பிரித்துச் சுத்தமான கறுப்பு வெள்ளை ஆக்கிக்கொள்ளலாம்.

டிஃப்பா ஜேபெக்கா?

முதல் பிரதி டிஃப், விவரம் குறையாமல் வைக்கிற கோப்பு வகை அது. 600-ல் எடுத்த 4-க்கு 6 படம் சுமார் 26 எம்பி வரும், நிற நுணுக்கம் கூடுதலாகப் பதிகிற 48 பிட்டில் எடுத்தால் இரண்டு மடங்கு. வெளிறிப் போன கலர் படம், நெகட்டிவ் இவற்றுக்கு 48 பிட், மற்றதற்கு 24 போதும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதிலிருந்து ஜேபெக் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இவ்வளவு பாடு எதுக்கு, செல்போன்லயே எடுத்தா என்ன?

எடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்குப் போன வீட்டில் பங்காளி ஒருவர் பெட்டகத்தைத் திறந்து காட்டுகிறார், சாயங்காலம் திரும்ப வேண்டும் என்றால் அங்கே ஸ்கேனரா கொண்டு போக முடியும்? கூகுளின் போட்டோஸ்கேன் செயலி நாலைந்து கோணத்தில் எடுத்துச் சேர்த்து எதிரொளியை நீக்கிவிடும். இல்லாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் கையிலேயே இருக்கிற படத்துக்குச் செல்போனோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

ஸ்டுடியோவுல கொடுத்தா அவங்களே பண்ணித் தர மாட்டாங்களா?

பண்ணித் தருவார்கள், நல்லவிதமாகச் செய்கிறவர்களும் உண்டு. நான் முதலில் ஒரு கடையில்தான் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து 300 டிபிஐ ஜேபெக்காக ஒரு பென்டிரைவும், வரிசை கலைந்து ஒரே உறையில் திணித்த நெகட்டிவ்களும் கிடைத்தன, ஆறு துண்டில் புதுக் கீறல். கேட்டதற்கு "முன்னாடியே இருந்துச்சு சார்" என்றார்கள். நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது?

கொடுப்பதானால் முதலில் பத்தே பத்துப் படம் கொடுங்கள். டிபிஐ எத்தனை, டிஃப் தருவார்களா, தானே இழுத்துத் தள்ளும் வேக ஸ்கேனரில் போடுவார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். அந்த வேக ஸ்கேனர் புதுப் பிரிண்டுக்கு அருமையான சாமான். ஓரம் நைந்த பழைய படத்தை அதில் விடச் சம்மதிக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட்ல நிக்கான் ஸ்கேனர் ஒண்ணு வருதாம், எடுக்கலாமா?

கூல்ஸ்கேன் என்றால் பிலிமுக்கு இன்றைக்கும் அதன் பேரைச் சொல்கிறார்கள். ஆனால் நிக்கான் அந்த வரிசையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, ரிப்பேர் வந்தால் பார்க்க ஆள் தேட வேண்டும். பழைய ஸ்கேனர்களுக்குப் புது விண்டோஸில் டிரைவர் இருக்காது, வியூஸ்கேன் என்கிற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் பெரும்பாலானவை ஓடும். சில மாடல்களுக்கு இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இல்லாத வயர் வேண்டும், அதை முதலில் பாருங்கள்.

எந்தப் பழைய ஸ்கேனரானாலும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் கண்ணாடியின் உட்புறம் பாருங்கள். பனி படிந்ததுபோல் இருந்தால் கறுப்பு கறுப்பாக வராது. வெறும் கண்ணாடியை ஒரு தடவை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள், நெடுகக் கோடு விழுந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நெகட்டிவ் டப்பாவைத் திறந்தா காடி வாடை அடிக்குது, என்னது அது?

காடியேதான். அசிட்டேட் பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியே வரும். ஒரு சுருளில் ஆரம்பித்தால் அந்த வாடை பக்கத்துச் சுருளையும் கெடுக்கும், மூடிய டப்பாவில் சீக்கிரமாகக் கெடும். வாடை அடிக்கிறதைத் தனியே எடுத்து, காற்றோட்டமான தாள் உறையில் போட்டு, வரிசையில் முதலில் அதை ஸ்கேன் பண்ணுங்கள். சுருங்கி நெளிந்துவிட்டால் எந்த ஹோல்டரிலும் உட்காராது. நம் ஊர் வெயிலில் பரண் மேல் வைத்ததற்கு அது இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய பிலிமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் கவலையில்லை. அது இல்லாமல், மஞ்சளாகிப் பிசுபிசுத்திருந்தால், சூடான விளக்கு, அடுப்படி, மூடிய இரும்புப் பெட்டி எதன் பக்கமும் வேண்டாம். நெருப்பு வைத்துப் பார்த்துச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

தாத்தா ஸ்டுடியோ வச்சிருந்தாரு, கண்ணாடி நெகட்டிவ் கெடக்கு. வி600-ல வைக்கலாமா?

வைத்தாலும் முழுதாக வராது. அதன் மூடி விளக்கு நடுவில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் எரியும். முழுத் தட்டு ஆறரைக்கு எட்டரை அங்குலம். அதே எப்சனின் பெரிய மாடலான வி850-ன் விளக்கு எட்டுக்குப் பத்து அங்குலம் வரை எடுக்கும், ஆனால் விலை பல மடங்கு. பத்து இருபது தட்டு என்றால் முன்னே சொன்ன விளக்குப் பலகையும் கேமராவும் போதும். பளபளப்பு இல்லாத மங்கல் பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் நீங்களே இறங்காதீர்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ்களை மின்படியாக்கியிருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் பேசிப் பாருங்கள்.

கலர் படத்தை ஸ்கேன் பண்ணினா மேல பூராவும் வெள்ளைப் புள்ளி தெரியுது. கண்ணுக்குத் தெரியலையே?

சில்க் பேப்பர். ஒரு காலத்தில் கல்யாண ஆல்பத்துக்கு அதுதான் கௌரவம். தாளில் தேன்கூடு மாதிரி மேடு பள்ளம் இருக்கும், ஸ்கேனர் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதால் ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கமும் மின்னுகிறது. ஒரு தடவை எடுத்துவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை எடுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதின் மேல் அடுக்காக வைத்துப் பாதி ஒளிபுகும்படி செய்தால் புள்ளி பெருமளவு மங்கிவிடும். நெகட்டிவ் இருந்தால் இத்தனை கூத்தும் வேண்டாம், அதையே ஸ்கேன் பண்ணுங்கள்.

ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சு. பாதிப் பேர் யாருன்னே தெரியலை.

ஸ்கேனர் எது என்று நூறு பேர் கேட்டார்கள், இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள், தேக்குச் சட்டத்துக்காக விலை பேசுகிற படங்களில் யார் வீட்டு ஐயாவோ யார் வீட்டு அப்பத்தாவோ உட்கார்ந்திருப்பார்கள், பேர் தெரியாமல்.

ஸ்கேன் முடியும்வரை காத்திருக்காதீர்கள். படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது, எண்பது வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் பெரிய திரையை வைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், செல்போனில் குரலைப் பதிவு பண்ணுங்கள். நகரத்தார் வீடுகளில் ஐயா பேரைப் பேரனுக்கு வைப்பதால் வெறும் பேரை எழுதி வைத்தால் எந்தத் தலைமுறை என்று பின்னால் குழம்பும், விலாசத்தோடு, அதாவது பேருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளோடு, இன்னார் மகன் என்று சேர்த்து எழுதுங்கள். பேரைக் கோப்பின் பெயரில் மட்டும் வைக்காமல் படத்தின் உள்விவரப் பகுதியிலும் (மெட்டாடேட்டா) எழுதினால் கோப்பு எங்கே போனாலும் கூடவே போகும்.

அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடலாமா? இடத்தை அடைக்குது.

கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் ஊரார் தூக்கிப் போடத் துணிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார், அவர் போன பிறகு 1994-ல் அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் அவர் பேரில் ஆராய்ச்சி நூலகமே எழும்பியது. அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, பரணிலும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காமல், நடுவீட்டில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற பங்காளியிடம்.

உங்க ஸ்கேனரையே ஒரு மாசம் குடுங்களேன்?

கொடுப்பேன், இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறது, அதற்கப்புறம் இரண்டு வீடு வரிசையில் நிற்கிறது. கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் பகுதியைப் பிடித்து வைக்கிற பூட்டு சில மாடல்களில் இருக்கும், கிளம்புமுன் அதைப் பூட்டி, போய்ச் சேர்ந்ததும் திறந்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். கண்ணாடி மேல் நேராகத் திரவம் அடிக்கக் கூடாது, துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். பிலிம் ஹோல்டர் இரண்டையும் எண்ணித்தான் தருவேன், எண்ணித்தான் வாங்குவேன்.